ஓப்பன்-பேக் ஹெட்ஃபோனில் பேஸ்: எது குறைகிறது, எதை எடுக்கலாம்?

ஓப்பன்-பேக் ஹெட்ஃபோன் (காதுக் கப்பின் பின்பக்கம் மூடாமல் வலையாகத் திறந்திருப்பது) வாங்க நினைக்கிற பலரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். "குரல் தெளிவாக இருக்குமாம், ஒலி தலைக்கு வெளியே விரிந்து கேட்குமாம், சரி. ஆனால் பேஸ் இருக்காதாமே?" என்ற கேள்விதான் அது. தாழ்ந்த, கனத்த ஒலியைத்தான் பேஸ் என்கிறார்கள். அப்புறம் மூன்று பெயர்களை வைத்துக்கொண்டு தவிப்பார்கள்: சென்ஹைசர் எச்டி 600 அல்லது அதன் தம்பிகள், பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, ஹைஃபைமேன் சுந்தரா மாதிரி ஒரு பிளானர் (சவ்வு முழுவதும் ஒன்றாக நகரும் வகை, விவரம் பிறகு).

"பேஸ் வேண்டுமென்றால் பிளானர் எடு" என்று ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம்பிப் பணம் போட்டவர்கள், பெட்டியைப் பிரித்த அன்றே முகம் வாடிப்போகிறார்கள். பேஸ் குறைகிறது என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று தனித்தனிக் குறைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. உங்களுக்கு எது குறைகிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது ஆழம். ஒலி எவ்வளவு கீழே வரை இறங்குகிறது? மனிதக் காதின் கீழ் எல்லை ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20 அதிர்வு. பியானோவின் இடது கோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தி கிட்டாரில் 31. ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைச் சப்-பேஸ் என்கிறோம். காதால் கேட்பதைவிட நெஞ்சில் உணர்வது போன்ற அதிர்வு அது.

இரண்டாவது அளவு. 60 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான மிட்-பேஸ் பகுதி மற்ற ஒலிகளோடு ஒப்பிட்டால் எவ்வளவு தூக்கலாக இருக்கிறது? கிக் டிரம்மின் குத்தும் பேஸ் கிட்டாரின் சதைப்பற்றும் இங்கேதான் இருக்கின்றன. "செம பேஸ்" என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைத்தான் சொல்கிறார். ஆழம் துளிகூட இல்லாமலே அளவு நிறைய இருக்கலாம். சின்ன புளூடூத் ஸ்பீக்கர்கள் இப்படித்தான் பிழைக்கின்றன.

மூன்றாவது தெளிவு. பேஸ் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகக் கேட்கின்றனவா? 200–300 ஹெர்ட்ஸ் பகுதி வீங்கியிருந்தால் ஆண்குரலின் அடிப்பகுதி சேற்றில் கால்விட்டது போல் ஆகிவிடும். டிரைவர் (ஒலியை எழுப்பும் உறுப்பு) திணறினால் சிதைவு சேரும்: 40 ஹெர்ட்ஸ் கொடுத்தால் கூடவே 80-உம் 120-உம் தானாக முளைக்கும். "வேகமான பேஸ்" என்று சிலாகிக்கிறார்களே, அதில் பெரும்பகுதி இந்தத் தெளிவுதான். டிரைவர் ஓட்டப் பந்தயம் ஓடுவதில்லை. மிட்-பேஸ் வீக்கம் இல்லாததால் அடி விழுந்ததும் அடங்கியது போலத் தோன்றுகிறது.

இவை மூன்றுக்கும் பிறகு சில நடைமுறை விஷயங்கள் உண்டு: பேட் (கப்பின் ஓர மெத்தை) காதைச் சுற்றி எவ்வளவு இறுக்கமாக ஒட்ட வேண்டும், என்ன ஆம்ப் (ஒலிச் சிக்னலைப் பெருக்கும் கருவி) வேண்டும், எடை எவ்வளவு. மறைந்திருக்கும் செலவுகள் எல்லாம் இங்கிருந்துதான் வருகின்றன.

## பேஸ் எங்கே ஒழுகுகிறது

முதல் ஓப்பன்-பேக் ஹெட்ஃபோன் சென்ஹைசரின் எச்டி 414, 1968-இல் வந்தது. அன்று முதல் இன்றுவரை அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். டிரைவரின் சவ்வு முன்னால் நகரும்போது காதுப் பக்கம் காற்று அழுந்துகிறது, அதே நொடியில் பின்னால் காற்று தளர்கிறது. பின்பக்கம் திறந்திருப்பதால் இரண்டும் சந்திக்க வழி கிடைத்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் சுவர் பேட் மட்டும்தான்.

1000 ஹெர்ட்ஸ் ஒலியில் ஒரு சுற்று ஒரு மில்லிநொடியில் முடிந்துவிடுகிறது. சின்ன இடுக்கு வழியாக அழுத்தம் வெளியேற நேரம் இல்லை. 30 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 33 மில்லிநொடி. அந்த அவகாசத்தில் வெல்வெட் போன்ற துணிப் பேட்டின் நூலிடை வழியாகவும், முடிக்கற்றை வழியாகவும், மூக்குக்கண்ணாடிக் கம்பி தூக்கிய இடைவெளி வழியாகவும் அழுத்தம் நிதானமாக ஒழுகிப்போகிறது. அதனால்தான் எந்த ஒழுகலும் முதலில் சப்-பேஸைத் தின்கிறது.

இதில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். என் முதல் பிளானரை ஆசையாய் வாங்கி, வளைவு வளைவாய் அளவீட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு மாட்டினால், ஆழம் என்று எதுவும் இல்லை. பழுதான பொருள் என்றே முடிவு கட்டினேன். இரண்டாம் நாள் கண் உறுத்தியதால் கண்ணாடியைக் கழற்றினேன். அதே பாட்டு, அதே ஒலியளவு, கீழே ஒரு தளம் புதிதாகத் திறந்தது போல இருந்தது. என் கண்ணாடியின் தடித்த பிளாஸ்டிக் கம்பிதான் அத்தனையையும் குடித்துக்கொண்டிருந்தது. மெல்லிய உலோகக் கம்பிக்கு மாறியதும் பெரும்பகுதி திரும்பி வந்தது. ஹெட்ஃபோன் பேஸ் பற்றி யார் என்ன கேட்டாலும் நான் முதலில் கண்ணாடி போடுவீர்களா என்று விசாரிப்பது இதனால்தான்.

இன்னொரு திருடன் அறைச் சத்தம். ஓப்பன்-பேக் வெளிச்சத்தத்தை ஏறக்குறைய அப்படியே உள்ளே விடும். மின்விசிறி, ஏசி, சாலை இரைச்சல் ஆகியவற்றில் தாழ்ந்த ஒலி நிறைய உண்டு. பாட்டின் சப்-பேஸ் அதற்கடியில் புதைந்துவிடும். விசிறி ஓடும் அறையில்தான் எப்போதும் கேட்பீர்கள் என்றால், எந்த ஓப்பன்-பேக்கின் ஆழமும் உங்களுக்கு முழுதாகக் கிடைக்காது. அந்த நிலைமையில் மூடிய ஹெட்ஃபோனே பொருத்தம் என்று தயங்காமல் சொல்வேன்.

## எச்டி 600 குடும்பம்

எச்டி 600 வந்தது 1997-இல், எச்டி 650 2003-இல். இன்றும் குரலுக்கு இவற்றை ஒப்பீட்டுக் கல்லாக வைக்கிறார்கள்.

ஆழம் இவற்றின் பலவீனம். ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியத் தொடங்கி, 20-ஐ நெருங்கும்போது வெகுவாக இறங்கிவிடும். அளவு போதுமானது. எச்டி 650-இல் 100 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒரு மெல்லிய மேடு இருப்பதால் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். தெளிவு மிட்-பேஸில் நல்லது, அடியாழத்தில் சுமார்.

இருந்தும் பேஸ் கிட்டார் இவற்றில் பேஸ் கிட்டாராகவே கேட்கிறது, காரணம் உண்டு. 41 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தோடு 82, 123 என்று அடுக்கடுக்காய் மேற்சுரங்கள் சேர்ந்தே வருகின்றன. அவற்றைக் கேட்டதும், தேய்ந்துபோன அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்கிறது. நிரப்ப முடியாமல் போவது மேற்சுரம் அதிகம் இல்லாத ஒலிகளில்தான்: 1980-இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 வழிவந்த எலக்ட்ரானிக் கிக், சினிமாவின் வெடிச்சத்தம், ஆர்கனின் அடிக்குழாய்கள். ஆர்கனின் 32 அடிக் குழாய் 16 ஹெர்ட்ஸ் வரை போகும். இத்தகைய இசையே உங்கள் உலகம் என்றால் எச்டி 600 உங்களுக்கில்லை. அக்கூஸ்டிக், ஜாஸ், குரல், பழைய ராக் என்றால் நீங்கள் எதையும் இழந்ததாக உணரமாட்டீர்கள்.

2023-இல் வந்த எச்டி 660எஸ்2 இந்தக் குறையைக் குறிவைத்தே செய்யப்பட்டது. டிரைவரின் ஒத்ததிர்வை (அது தானாக எளிதில் அதிரும் இடத்தை) 110-இலிருந்து 70 ஹெர்ட்ஸுக்கு இறக்கியதாக நிறுவனம் சொல்கிறது. கீழே கொஞ்சம் கூடுதலாக இறங்குகிறது, உண்மை. பிளானர் அளவுக்கு இல்லை.

மறைந்த செலவு: இவை எல்லாம் 300 ஓம் மின்தடை கொண்டவை. ஃபோனில் நேராகச் செருகினால் சத்தம் வருமே தவிர, பேஸ் உயர்த்தலுக்கு மிச்சம் இருக்காது. "டியூப் ஆம்ப் போட்டால் பேஸ் கொட்டும்" என்று (வெற்றிடக் குழாயில் இயங்கும் ஆம்பைப் பற்றி) சொல்வதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். இவற்றின் மின்தடை 100 ஹெர்ட்ஸ் அருகில் 500 ஓமைத் தாண்டுகிறது. வெளியீட்டுத் தடை 100 ஓம் உள்ள ஆம்பில் அந்தப் பகுதி ஏறக்குறைய 1 டெசிபல்தான் உயரும். கேட்டால் தெரியும், ரசிக்கலாம். ஆனால் 30 ஹெர்ட்ஸில் இல்லாததை எந்த ஆம்பும் கொண்டுவராது. பேஸுக்காக ஆம்பை மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

## டிடி 990 ப்ரோ

அளவு வேண்டும் என்பவர்களின் தேர்வு இது. மிட்-பேஸ் தூக்கல், ஓப்பன்-பேக் என்று சொன்னால் நம்ப முடியாத குத்து. ஆழமும் எச்டி 600-ஐ விடக் கொஞ்சம் மேல். தெளிவில்தான் பின்வாங்குகிறது: அந்தத் தூக்கல் பேஸ் ஸ்வரங்களைக் கொஞ்சம் ஒன்றாக்கிவிடுகிறது. கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் ஒரே இடத்தில் நின்று தள்ளிக்கொள்வது போல இருக்கும்.

பெரிய செலவு பேஸில் இல்லை, மேலே இருக்கிறது. 8–9 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்முனை. சிம்பலும் "ஸ்" எழுத்தும் குத்தும். பேஸ் இன்னும் வேண்டும் என்று ஒலியளவைக் கூட்டினால் கூர்முனையும் கூடவே ஏறி, அரை மணியில் காது களைத்துவிடும். ஈக்யூவில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) அந்த இடத்தை 5–6 டெசிபல் இறக்கினால் ஹெட்ஃபோனே வேறாகிவிடுகிறது. அப்படிச் செய்யத் தயாரில்லாதவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பழைய ப்ரோ 250 ஓம், கேபிளைக் கழற்ற முடியாது. கேபிள் அறுந்தால் சாலிடரிங்தான். 2024-இல் வந்த டிடி 990 ப்ரோ எக்ஸ் 48 ஓமுக்கு இறங்கியது, கேபிளும் கழற்றலாம். எடை 250 கிராம், பேட் மென்மை, கண்ணாடிக்காரர்களுக்கும் உறுத்தாது. விளையாட்டும் படமும் நீண்ட நேரம் பார்க்கிறவர்கள், வெடிச்சத்தத்தில் ஒரு குத்து இருந்தால் போதும் என்பவர்கள் இதில் மகிழ்ச்சியாக இருப்பார்கள்.

## பிளானர்கள்

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அதிக எதிர்பார்ப்பும் அதிக ஏமாற்றமும் இதில்தான்.

சாதாரண டைனமிக் டிரைவரில் நடுவில் ஒரு சுருள் சவ்வைத் தள்ளுகிறது. பிளானரில் மெல்லிய படலத்தின் மேல் முழுக்கக் கடத்திக் கோடுகள் ஓடுகின்றன, எதிரே வரிசையாகக் காந்தங்கள். படலம் முழுவதும் ஒன்றாக நகர்கிறது. ஒத்ததிர்வு மிகத் தாழ்வாக இருக்கும், பேட் நன்றாக ஒட்டினால் 20 ஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய நேர்கோடு. பேஸ் சிதைவும் டைனமிக்கை விடப் பொதுவாக மிகக் குறைவு. ஆழம், தெளிவு இரண்டிலும் கேள்விக்கே இடமில்லாமல் பிளானர் முன்னே நிற்கிறது.

அளவு? அங்கேதான் மீதிப் பாதி. சுந்தராவின் பேஸ் நேர்கோடு என்றேன் அல்லவா, பெரும்பாலான காதுகள் நேர்கோட்டைக் கேட்டுப் பழகவில்லை. ஷான் ஓலிவும் டாட் வெல்டியும் ஹார்மன் நிறுவனத்தில் செய்த விருப்பச் சோதனைகளில், ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சில டெசிபல் உயர்ந்த ஒலியையே கேட்டவர்களில் பெரும்பான்மையினர் விரும்பினார்கள். அவர்களின் வகைப்பாட்டில் 64 சதவீதம் பேர் பேஸ் உயர்ந்த அந்த ஒலியை (ஹார்மன் இலக்கு வளைவு) விரும்பினார்கள், 15 சதவீதம் பேர் அதைவிட அதிக பேஸ் கேட்டார்கள், 21 சதவீதம் பேர் அதைவிடக் குறைவாகக் கேட்டார்கள். எந்த ஈக்யூவும் இல்லாத சுந்தரா அந்தக் கடைசிக் கூட்டத்துக்கு நெருக்கமானது. மூடிய ஹெட்ஃபோனிலிருந்தோ பேஸ் தூக்கிய இயர்ஃபோனிலிருந்தோ வருகிறவர், "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்பது இதனால்தான். ஆழம் கிடைத்துவிட்டது, குத்து வரவில்லை.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். இல்லாத ஆழத்தை ஈக்யூவால் வரவழைப்பது கஷ்டம், இருக்கிற ஆழத்தை உயர்த்துவது எளிது. 105 ஹெர்ட்ஸில் 5 டெசிபல் ஒரு லோ-ஷெல்ஃப் (அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் சேர்த்து உயர்த்தும் ஈக்யூ அமைப்பு) போடுங்கள். பிளானர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும். என் கணக்கில், ஈக்யூ போடத் தயங்காதவருக்கு ஓப்பன்-பேக்கில் கிடைக்கும் சிறந்த பேஸ் இதுதான். ஈக்யூவே தொடமாட்டேன் என்பவருக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது.

செலவுகளைப் பார்ப்போம். சுந்தரா 372 கிராம். ஆடிஸி எல்சிடி-எக்ஸ் 600 கிராமைத் தாண்டும். அதன் பேஸ் நான் கேட்ட ஓப்பன்-பேக்குகளில் மிகவும் திருப்தியானது, ஆனால் இரண்டு மணி நேரத்தில் கழுத்து கணக்குக் கேட்கும். ஆம்ப் விஷயத்தில் பிளானர் எல்லாம் ஒன்றல்ல: எல்சிடி-எக்ஸ் ஃபோனில் செருகும் சின்ன டாங்கிளிலேயே பேசும், சுந்தராவுக்கு ஒரு நல்ல சின்ன ஆம்ப் வேண்டும், பழைய ஹைஃபைமேன் எச்இ-6-இன் உணர்திறன் 83.5 டெசிபல்தான், அதற்கு ஸ்பீக்கர் ஆம்ப் தேடியவர்களும் உண்டு. மின்தடை எல்லா ஹெர்ட்ஸிலும் ஒரே மாதிரி என்பதால் டியூப் ஆம்பின் அந்த 1 டெசிபல் விளையாட்டும் இங்கே நடக்காது. பேட் ஒட்டுதலில் பிளானர் கறார். தடித்த கண்ணாடி, ஒட்டாத தாடை, தட்டையாகிப்போன பேட், எதுவானாலும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஆழமே முதலில் போகும். மாட்டும்போது காதில் பட்டென்று அழுத்திக்கொள்ளாதீர்கள், அந்தத் திடீர் அழுத்தம் மெல்லிய படலத்துக்கு நல்லதில்லை.

## கையில் இருப்பதையே சரிசெய்வது

வாங்குவதற்கு முன் இதையும் ஒரு தேர்வாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஓப்பன்-பேக் வைத்திருப்பவர்களில் பலருக்கு இதுவே போதும்.

பேட் அமுங்கித் தட்டையாகியிருந்தால் புதுப் பேட் போடுங்கள். வேறு நிறுவனத்தின் தோல் பேட் போட்டால் பேஸ் ஏறக்கூடும். ஆனால் குரல் பகுதியும் சேர்ந்து மாறும், சில சமயம் கெடும். அதனால் முதலில் அசல் பேட், பிறகு பரிசோதனை.

ஈக்யூவுக்கு விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம், ஆண்ட்ராய்டில் வேவ்லெட் இருக்கிறது. பல கருவிகளோடு பயன்படுத்துவதென்றால் க்யூடெலிக்ஸ் 5கே போல ஈக்யூவைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சின்ன டாக் (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் கருவி) நல்லது. எத்தனை டெசிபல் பேஸ் உயர்த்துகிறீர்களோ அத்தனை டெசிபல் ப்ரீஆம்பை (ஈக்யூவில் உள்ள மொத்த ஒலியளவை) குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் கிளிப் ஆகும், அதாவது ஒலியின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். 6 டெசிபல் உயர்த்துவது அந்தப் பகுதியில் நான்கு மடங்கு மின்திறன் கேட்பதற்குச் சமம். எச்டி 600-இல் 3–4 டெசிபல் ஷெல்ஃப் அழகாக உட்காரும். 10 டெசிபல் போட்டு 20 ஹெர்ட்ஸை இழுத்துவரப் பார்த்தால் டிரைவர் திணறி, ஆழத்துக்குப் பதில் கரகரப்பு வரும்.

மெதுவாகக் கேட்கும் பழக்கம் உள்ளவரா? ஒலி குறையக் குறைய காது பேஸை இன்னும் அதிகமாக விட்டுவிடுகிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே காட்டிய விஷயம் இது. உங்களுக்கு ஷெல்ஃப் இரண்டு டெசிபல் கூடவே வேண்டியிருக்கும், அதில் தவறேதும் இல்லை.

## ஓரிரு வார்த்தையில் மற்றவை

ஏகேஜி கே702: பேஸ் மெலிவு, அதற்காக யாரும் வாங்குவதில்லை. எச்டி 800 எஸ்: இடவிரிவுக்கு வாங்குவது, பேஸ் சுத்தமானது, அளவு குறைவு. ஸ்டாக்ஸ் எலக்ட்ரோஸ்டாட்: தெளிவு மிக உயர்வு, ஆனால் 580 வோல்ட் பயாஸ் (நிலையான மின்னழுத்தம்) தரும் தனி ஆம்ப் இல்லாமல் பேசவே பேசாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | எச்டி 600 / 650 | டிடி 990 ப்ரோ | சுந்தரா | எல்சிடி-எக்ஸ் |
|---|---|---|---|---|
| ஆழம் | குறைவு | நடுத்தரம் | மிக நன்று | மிக நன்று |
| அளவு (ஈக்யூ இல்லாமல்) | போதும் | அதிகம் | சமநிலை, சிலருக்குக் குறைவு | நிறைவு |
| தெளிவு | மிட்-பேஸில் நன்று | சுமார் | மிக நன்று | மிக நன்று |
| ஈக்யூவைத் தாங்குவது | மிதமாக | மிதமாக | தாராளமாக | தாராளமாக |
| கண்ணாடி போட்டால் | பரவாயில்லை | பரவாயில்லை | ஆழம் குறையும் | ஆழம் குறையும் |
| ஆம்ப் | வேண்டும் | வேண்டும் | வேண்டும் | டாங்கிள் போதும் |
| எடை | சுமார் 260 கிராம் | 250 கிராம் | 372 கிராம் | 600 கிராமுக்கு மேல் |

## முடிவெடுக்கும் முன் பத்து நிமிடம்

இப்போது கையில் இருக்கும் ஹெட்ஃபோனில், விசிறியை அணைத்துவிட்டு, 200 ஹெர்ட்ஸிலிருந்து 20 வரை இறங்கும் சைன் ஒலியை மிதமான அளவில் கேளுங்கள். எந்த இடத்தில் தேய ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து 30 ஹெர்ட்ஸை மட்டும் ஓடவிட்டு, இரண்டு கப்பையும் உள்ளங்கையால் தலையோடு மெதுவாக அழுத்துங்கள். பின்பக்க வலையை மூடிவிடாமல் ஓரத்தைப் பிடித்து அழுத்த வேண்டும்.

அழுத்தியதும் ஒலி ஏறினால் உங்கள் பிரச்சினை ஒழுகல். புதுப் பேட், மெல்லிய கண்ணாடிக் கம்பி, கொஞ்சம் இறுக்கமான ஹெட்பேண்ட். புது ஹெட்ஃபோனுக்கு அவசரம் இல்லை. அழுத்தியும் 30 ஹெர்ட்ஸ் எழவே இல்லை, நீங்கள் கேட்பதோ எலக்ட்ரானிக் இசை என்றால் பிளானருக்குப் போங்கள். 30 ஹெர்ட்ஸ் நன்றாகக் கேட்கிறது, ஆனாலும் பாட்டில் குத்து போதவில்லை என்றால் உங்களுக்குக் குறைவது அளவு. ஒரு ஷெல்ஃப் போட்டு ஒரு வாரம் கேளுங்கள். ஈக்யூ வேண்டாம் என்று மனசு உறுதியாகச் சொன்னால் எல்சிடி-எக்ஸையும் டிடி 990-ஐயும் காதில் மாட்டிப் பாருங்கள், எடையா கூர்முனையா, எதைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்பதை முதல் ஒரு மணி நேரத்திலேயே தலையும் காதும் சொல்லிவிடும்.